மொழிப்போரில் சுடப்பட்ட மாணவரைப் பற்றி எழுதுவது எப்படி?

ஜனவரி 25 நெருங்கும்போது மொழிப்போர் தியாகிகள் நாளுக்காகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டுரை கேட்பார்கள். பிள்ளைகள் பழைய சிறப்பு மலர்களில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதித் தருவார்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை வைத்து, எங்கள் வட்டாரத்தில் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவர்களைப் பற்றிச் சிறு வெளியீடுகள் கொண்டுவருகிறோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, எங்கே தேட வேண்டும், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிவகங்கை இராசேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். 1965 ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பல்கலைக்கழகத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடுதி அறையில் அவருடன் யார் தங்கியிருந்தார்கள், வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் என்ன எழுதுவார், எந்தப் பாடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, எந்தப் பேராசிரியரைக் கண்டால் நடுங்குவார் என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. குண்டு பாய்ந்ததைச் சொல்ல ஒரு பத்தி போதும். அதற்கு முன்னால் அந்தப் பையன் வாழ்ந்ததைச் சொல்லத்தான் பக்கங்கள் வேண்டும், அந்தப் பக்கங்கள்தான் எழுதப்படாமல் கிடக்கின்றன. உங்கள் ஊர் மாணவரைப் பற்றி எழுதும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். இந்தியோடு ஆங்கிலமும் மத்திய ஆட்சிமொழியாக இருக்க அரசியலமைப்புச் சட்டம் கொடுத்த பதினைந்து ஆண்டு கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தது. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963 ஆட்சிமொழிச் சட்டம் சொன்னது. ஆனால் ‘தொடரலாம்’ என்பது உறுதிமொழி ஆகாது என்று மாணவர்கள் அஞ்சினார்கள். ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி இந்தியை எதிர்த்துத் திருச்சியில் உயிரை விட்டிருந்தார். 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. அங்கிருந்து போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். மாணவர்களின் கோபம் 1967 தேர்தல் வரை ஆறவில்லை. இதற்கு மேல் பின்னணி எழுதினால் உங்கள் மாணவர் அதற்குள் காணாமல் போய்விடுவார்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். தேடப் போவதற்கு முன் பழைய பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள் ‘கோப்பே இல்லை’ என்று வெறுங்கையோடு திரும்புவார்கள். 1965இல் இது சென்னை மாநிலம். தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969இல். சிதம்பரம் அன்றைக்குத் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, கடலூர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. சிவகங்கை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மயிலாடுதுறை, மாயூரம், மாயவரம் என்ற பெயர்களில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆள் பெயரும் அப்படித்தான். இராசேந்திரன், இராஜேந்திரன், ராஜேந்திரன் என்று இதழுக்கு இதழ் மாறும். தலைப்பெழுத்தும் மாறும். ஆங்கில நாளிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். எல்லா வடிவங்களிலும் தேடுங்கள்.

நாளிதழ்களுக்குச் சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சம்பவம் நடந்த மறுநாள் இதழோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் நாள் செய்தியில் பெயர் தப்பாக இருக்கும், வயது தப்பாக இருக்கும், சில நேரம் ஊரே மாறியிருக்கும். அடுத்த ஒரு வாரத்து இதழ்களைப் புரட்டினால் திருத்தம், இரங்கல் கூட்டம், கடையடைப்பு, கல்லூரி மூடல் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கும். காங்கிரசை ஆதரித்த இதழ் ஒன்று, தி.மு.க. சார்பு இதழ் ஒன்று, ஆங்கில இதழ் ஒன்று என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே துப்பாக்கிச் சூட்டை ஒன்று ‘கும்பல் கல்வீச்சு’ என்று தொடங்கும், இன்னொன்று ‘மாணவர் ஊர்வலம்’ என்று தொடங்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அரசுக் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம். முன்கூட்டியே விண்ணப்பித்து, நீங்கள் படிக்கும் அல்லது வேலை பார்க்கும் நிறுவனத்தின் கடிதத்தோடு போக வேண்டும். சட்டமன்ற விவாதங்களையும் நாடாளுமன்ற விவாதங்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மக்களவை விவாதங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 1965 பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் திறந்தால் துப்பாக்கிச் சூடுகள் பற்றிய கேள்வி பதில்கள் வரிசையாக இருக்கும். கல்லூரியிலோ காவல் நிலையத்திலோ பதிவேடு கேட்க வேண்டுமானால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே மனு எழுதலாம். பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலுக்கு, தர மறுக்கச் சட்டம் சொல்லும் விலக்குகள் பெரும்பாலும் பொருந்தாது என்று பிரிவு 8(3) சொல்கிறது. அந்தப் பிரிவை மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தால், எந்த உத்தரவின்படி, எந்த ஆண்டு அழிக்கப்பட்டது என்று அடுத்த மனுவில் கேளுங்கள். அந்தப் பதிலும் உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டிய செய்திதான்.

ஆனால் இவை எல்லாம் காத்திருக்கும். ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். 1965இல் பதினெட்டு வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டி வயது. அதனால் என் பிள்ளைகளை நூலகத்துக்கு முன்பே பெரியவர்களின் வீட்டுக்குத்தான் அனுப்புகிறேன். யாரைத் தேடுவது என்று தெரியாவிட்டால் குழுப் புகைப்படத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்துக் கல்லூரிகளில் ஆண்டு முடிவில் எடுத்த படங்களில் ‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று பெயர்கள் அச்சிட்டிருக்கும். ஒரு படம் கிடைத்தால் முப்பது பெயர்கள் கிடைக்கும்.

போனதும் ‘போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஆண்டுக்கொரு முறை மேடையில் பேசுவதையே பேசுவார்கள். நாங்கள் பார்த்த ஒரு பெரியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்போது புகுமுக வகுப்பு மாணவர். அண்ணா பெயரையும் அன்றைய முதலமைச்சர் பக்தவத்சலம் பெயரையும் சொல்லி, மைக் இல்லாத குறை ஒன்றுதான், அரை மணி நேரம் முழங்கினார். என் மாணவி ஒருத்தி இடையில் கேட்டாள், “தாத்தா, அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?” அவர் நிறுத்திவிட்டார். “சாப்பிடலம்மா. மெஸ்ஸ மூடிட்டாங்க. விடுதிய காலி பண்ணுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ட்ரங்குப் பெட்டிய வாடகை சைக்கிள் கேரியர்ல வச்சுக் கட்டுனேன். கயிறு பத்தல, வேட்டிய முறுக்கிக் கட்டுனேன்.” அதிலிருந்து எல்லாம் வந்தது. பக்கத்து அறைக்காரன் யார், கறுப்புத் துணி எந்தக் கடையில் வாங்கினார்கள், கடைக்காரர் காசு வாங்க மறுத்தது, அப்பா மூன்று நாள் பேசாமல் இருந்தது. சாப்பாடு, செருப்பு, பேருந்துக் கட்டணம், யாரிடம் கடன் வாங்கினீர்கள் என்பது மாதிரி கேள்விகள்தான் கதவைத் திறக்கும்.

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கையில் கொடுங்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது, போலீஸ் எங்கே நின்றது, நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று வரையச் சொல்லுங்கள். வாயால் ‘பக்கத்தில்தான் நின்றேன்’ என்பவர், வரையும்போது இரண்டு தெரு தள்ளித் தன்னை வைப்பார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள், அறுபது வருடம் அந்த நாளைச் சுமந்தவர். தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், நாளிதழ்ச் செய்தியையும் பேட்டி முடியும் வரை காட்டாதீர்கள். ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத இருவர் ஒரே விவரத்தைச் சொன்னால் அதை நிகழ்வாக எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னால், ‘என்று நினைவுகூர்கிறார்’ என்று அவர் பொறுப்பிலேயே எழுதுங்கள். அப்போது பணியில் இருந்த காவலர் யாராவது பேச முன்வந்தால் அவரையும் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள்.

இறந்த மாணவரின் வீட்டுக்குப் போவது வேறு விஷயம். முதல் தடவை குறிப்பேட்டையே எடுக்காதீர்கள். அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். மாலை போட வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். புகைப்படத்தையோ மதிப்பெண் பட்டியலையோ வாங்கிக்கொண்டு போய் நகல் எடுத்துத் தருகிறேன் என்று கேட்கக் கூடாது. அங்கேயே, அவர்கள் கண் முன்னால் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு அசலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வீட்டு முகவரி, பிள்ளைகள் பெயர் எதுவும் அச்சில் வரக் கூடாது. ‘இதைப் போட வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் போட வேண்டாம், எவ்வளவு அரிய செய்தியாக இருந்தாலும் சரி.

எழுத உட்காரும்போது இறப்பிலிருந்து தொடங்காதீர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். ‘வீரமரணம் எய்தினார்’ என்று எழுதினால் யார் சுட்டது என்பது மறைந்துவிடுகிறது. ‘போலீசார் சுட்டதில் இறந்தார்’ என்று எழுதுங்கள். மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுத் தரப்பு ஏறக்குறைய எழுபது என்றது, போராட்டத்தில் இருந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு சொன்னார்கள். எது யார் கணக்கு என்று சேர்த்தே எழுதுங்கள். திருப்பூரில் காவல் அதிகாரிகள் இருவர் கூட்டத்தால் கொல்லப்பட்டதையும் விட்டுவிடாதீர்கள். அதை மறைத்தால், நம் மாணவரைப் பற்றி எழுதுவதையும் படிப்பவர் நம்ப மாட்டார். தீக்குளித்தவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் எப்படிச் செய்தார்கள் என்பதை விவரிக்காதீர்கள். படிக்கப்போவது அதே வயதுப் பிள்ளைகள். அவர்களின் வேலை, குடும்பம், விட்டுச்சென்ற கடிதம் இருந்தால் அதில் இருந்த கோரிக்கை ஆகியவற்றை எழுதினால் போதும்.

அச்சானதும் முதல் பிரதி அந்தக் குடும்பத்துக்கு. அடுத்தது பேட்டி கொடுத்தவர்களுக்கு, கண் தெரியாதவர்களுக்கு நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள். அப்போதும் புதிதாக ஏதாவது சொல்வார்கள், பதிவுக் கருவி கையில் இருக்கட்டும். ஒலிப்பதிவுகளைப் பேசியவர் பெயர், ஊர், தேதியோடு பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். வரைந்து வாங்கிய தாள்களை மடிக்காமல் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் வையுங்கள், வெளியீட்டின் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.