ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டையைக் காயவிடாதீர்கள்

இலையுதிர் காலத்தில் ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தடியில் போனால், முள்தோல் வெடித்துப் பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். எடுக்காமல் வர மனசு வராது. நானும் ஒருமுறை பை நிறையப் பொறுக்கி வந்து, அழகாக இருக்கிறதே என்று மேசைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். இரண்டு மாதம் கழித்து 12 கொட்டைகளை விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அவரை விதையைக் காயவைத்தால்தான் அடுத்த பருவம்வரை தாங்கும். இது அதற்கு நேர்மாறு. உள்ளே இருக்கும் ஈரம் போய்விட்டால் கொட்டை செத்துவிடும். இந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

நடுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

இது தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைப்பகுதியில் தோன்றிய மரம். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டு உறங்க வேண்டும். குளிரே வராத ஊரில் ஃபிரிட்ஜில் வைத்துக் கொட்டையை முளைக்க வைத்துவிடலாம், ஆனால் அப்புறம் மரம் நிம்மதியாக வளராது. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் இலை ஓரங்கள் கருகும். அப்படிப்பட்ட இடத்தில் முயலவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது இடம். வளர்ந்த மரம் 25 மீட்டரைத் தாண்டும். தலைப்பகுதி 15 மீட்டருக்கு மேல் விரியும். வீட்டிலிருந்து குறைந்தது 20 மீட்டராவது தள்ளி நடுங்கள். கனத்த கிளைகள் திடீரென முறிந்து விழும் பழக்கமும் இதற்கு உண்டு, அதனால் பாதைக்கு மேலும் வண்டி நிறுத்துமிடத்துக்கு மேலும் வேண்டாம். சின்னத் தோட்டம்தான் என்றால், இதே குடும்பத்தில் ஈஸ்குலஸ் பார்விஃப்ளோரா என்று ஒரு புதர் வகை இருக்கிறது. மூன்று மீட்டர் அளவிலேயே நின்றுவிடும், ஆனால் பக்கவாட்டில் பரவும்.

முக்கியமான ஒன்று: இது தின்னும் செஸ்ட்நட் அல்ல. கொட்டையில் சபோனின், ஈஸ்குலின் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டு. தின்னும் செஸ்ட்நட்டின் தோல் முழுக்க ஊசிபோல நெருக்கமான முள், கொட்டைக்குக் கூரான நுனி. இதன் தோலில் முள் குட்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கொட்டை உருண்டை, நுனி கிடையாது. இலை விரித்த கைபோல 5 அல்லது 7 சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். குழந்தைகளும் நாயும் இருக்கும் வீட்டில் கொட்டைகளைக் கண்ட இடத்தில் போடாதீர்கள்.

படி 1: பொறுக்கி, தண்ணீரில் போடுங்கள்

விழுந்த ஓரிரு நாளுக்குள் எடுத்த கொட்டைதான் நல்லது. வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்குவது நல்லது, மிதப்பது காய்ந்ததோ புழு தின்றதோ, தூக்கிப் போடுங்கள். பத்து எடுத்து விதைத்தால் ஒன்றிரண்டு போனாலும் கவலையில்லை.

படி 2: குளிரில் வையுங்கள்

கொட்டை குளிர்காலத்தைக் கடந்தால்தான் முளைக்கும். வெளியே நல்ல குளிர் இருக்கும் ஊரென்றால் நேராக இலையுதிர் காலத்திலேயே தொட்டியில் விதைத்து வெளியே விட்டுவிடலாம். ஆனால் எலியும் அணிலும் தோண்டிப் பார்க்காமல் விடாது, மேலே கம்பி வலை கட்டாயம் வேண்டும்.

ஃபிரிட்ஜ் வழிதான் எனக்குப் பிடித்தது. கோகோபீட்டையோ (தென்னை நார்த்தூள்) மணலையோ நனைத்து, கையில் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு, கொட்டைகளை அதில் புதைத்துக் காய்கறித் தட்டில் வையுங்கள். 2 முதல் 5 டிகிரி செல்சியஸ், மூன்று நான்கு மாதம். கவரில் "விஷம், தின்னாதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை திறந்து, பூஞ்சணம் பிடித்ததை எடுத்துவிட்டு, ஈரம் குறைந்திருந்தால் தெளியுங்கள். வெள்ளையாக முளைவேர் எட்டிப்பார்த்தால் மாதக்கணக்கைப் பார்க்காமல் உடனே விதைத்துவிடலாம்.

படி 3: விதைத்தல்

ஆணிவேர் வேகமாக இறங்கும். அதனால் 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டி எடுங்கள், அடியில் ஓட்டை நன்றாக இருக்கட்டும். ஒரு தொட்டிக்கு ஒரு கொட்டை, 5 செ.மீ. ஆழம். கொட்டையில் வெளிறிய பெரிய தழும்பு இருக்கும், அது கீழேயோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வையுங்கள். வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்; மேலே வருவது தடித்த தண்டும் சுருங்கிய குட்டி இலைகளும்தான். முளை வந்ததும் மொட்டு கருகும் அளவுக்குப் பனி விழுந்தால் உள்ளே எடுத்து வையுங்கள்.

நுனியைக் கிள்ளாதீர்கள். அடுத்த ஆண்டு மேல்நோக்கி வளரப்போவது அந்த நுனிமொட்டுதான். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் தண்டை உற்றுப் பாருங்கள்: இலைக்காம்பு இருந்த இடத்தில் ஆணித்தடங்களோடு ஒரு குட்டி லாடம் தெரியும். குதிரைப் பெயர் இதனால்தான் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு.

படி 4: தரைக்கு மாற்றுதல்

ஓரிரு ஆண்டு கழித்து, இலை இல்லாத காலத்தில் மாற்றுங்கள். அதற்கு மேல் தொட்டியில் வைத்தால் வேர் சுற்றிக்கொள்ளும். தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம். ஆழமாகப் புதைக்க வேண்டாம். சுற்றிலும் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் தவறக்கூடாது.

பூச்சி

இலையில் பழுப்புத் திட்டுகள் வந்து, கோடை நடுவிலேயே மரம் இலையுதிர் காலம்போலத் தெரிந்தால் அது இலைத்துளைப்பான். 1980களில், வட மாசிடோனியா-அல்பேனியா எல்லையில் உள்ள ஓரிட் ஏரிப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்ட சின்ன அந்துப்பூச்சி இது, பின்னர் ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. பார்க்க மோசமாக இருந்தாலும் இது மட்டும் மரத்தைக் கொல்வது அரிது. கூட்டுப்புழுக்கள் உதிர்ந்த இலைக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கும், எனவே இலைகளைக் கூட்டி அள்ளினாலே பாதி வேலை முடிந்தது. தண்டிலிருந்து துருநிறத்தில் நீர் கசிந்தால் விஷயம் வேறு. அது பாக்டீரியா நோயாக இருக்கலாம், மரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பூ

பத்து ஆண்டுக்கு மேலாகலாம். பூத்ததும் அந்த வெள்ளைக் கொத்தில் ஒவ்வொரு பூவாகப் பாருங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் உள்ளே தேன் உண்டு, சிவந்துவிட்டால் தீர்ந்துவிட்டது. தேனீக்குச் சிவப்பு தெரியாது, அது மஞ்சளை மட்டும் தேடிப் போகும்.