கூலண்ட் வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்

கார் இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று ஊற்றுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஐஏடி (IAT) என்பது சிலிகேட் கலந்த பழைய வகை. இரண்டு வருஷம் தாங்கும். ஓஏடி (OAT) கரிம அமில வகை. ஐந்து வருஷம் வரை ஓடும். இரண்டின் சத்தையும் சேர்த்துக் கம்பெனியே தயாரிப்பது ஹோட் (HOAT). ஜப்பான் வண்டிகள் பெரும்பாலும் பாஸ்பேட் சேர்த்ததைக் கேட்கும். ஓனர் மேனுவல் சொல்வதே முடிவு.

ஐஏடியையும் ஓஏடியையும் நாமே கலந்தால் துருத்தடுப்புச் சத்து சீக்கிரம் தீரும். சில நேரம் சிலிகேட் பிரிந்து கூழாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

"நம்மூர்ல பனியா உறையுது, தண்ணி போதாதா?" என்பார்கள். போதாது. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும் கூலண்ட் வேலை. கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை சுமார் 108 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சேர்ந்தால் இன்னும் மேலே. கலவையில் கூலண்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாது. கெட்டியாக ஊற்றினாலும் லாபமில்லை, கூலண்டில் உள்ள கிளைக்கால் (glycol) தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது.

தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர்தான். ராதாபுரம் பக்கத்து உப்புப் போர் தண்ணீர் குடத்தடியில் விடும் வெள்ளைப் படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், இதற்கு வேண்டாம்.

வகை மாற்றுவதென்றால், இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரின் கீழ்ப் பிளக்கைத் திறந்து பழைய கூலண்டை இறக்குங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இப்படியே.

இங்கேதான் கணக்கு தப்பும். மொத்தம் 5 லிட்டர் கூலண்ட் பிடிக்கும் வண்டியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிளாக்கிலேயே தங்கிவிட்டது என்று வையுங்கள். ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே பாதி தண்ணீர் கலந்தது) மூன்றரை லிட்டர் ஊற்றினால் கலவை 35 சதவீதம்தான். அதனால் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பிறகு ஹீட்டர் ஓட, காற்றுக்குமிழி போகும்வரை ஐடிலில் விடுங்கள். அடுத்த சில நாள் காலையில் ரிசர்வாயர் அளவைப் பாருங்கள், இறங்கும்.

கயத்தாறு தாண்டி டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரைப் போட்டு ஓரங்கட்டுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஆறியபின் அரை லிட்டர் பாட்டில் தண்ணீர் ஊற்றினால், அதே 5 லிட்டர் வண்டியில் பாதிக்குப் பாதி கலவை 45 சதவீதமாகும்; வீடு வந்து சேரலாம். ஒழுக்கு எங்கே என்று மறுநாளே பாருங்கள். இறக்கிய பழைய கூலண்டை வாளியில் திறந்து வைக்காதீர்கள்: இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.