சமூகத் தேர்ச்சி மாதிரிகள்: முன்பள்ளி அவதானிப்பில் விடும் பிழைகள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பாலர் பாடசாலைப் பயிற்சிக்குப் போய் அவதானிப்பு ஒப்படை எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது சொல்லில்தான்: சமூகத் திறனும் (தனித்தனிச் செயல்) சமூகத் தேர்ச்சியும் (பிறரோடு பழகிக் காரியம் கைகூடுவது) ஒன்றல்ல. வணக்கம் சொன்னான், வரிசையில் நின்றான், பகிர்ந்தான் என்று மூன்று சரி போட்டுவிட்டு ‘தேர்ச்சி நன்று’ என்று முடிக்க முடியாது. ஆய்வாளர் ரோஸ்-கிராஸ்னர் 1997இல் தந்த மாதிரியில் திறன்கள் அடித்தட்டு. நடுத்தட்டில் தன் தேவை, பிறரோடான உறவு என இரண்டு பக்கம். பழகும்போது காரியம் கைகூடுகிறதா என்பதுதான் உச்சி. எல்லா விளையாட்டுச் சாமானையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைக்கு ஒரு பக்கம் காலி. நாமோ அதை ‘நல்ல புள்ள’ என்று விட்டுவிடுகிறோம்.

ஆய்வாளர் பார்ட்டன் 1932இல், சும்மா நிற்பதிலிருந்து கூடி விளையாடுவது வரை பிரித்த ஆறு வகை விளையாட்டையும் ஏணியாக வாசிக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளை தனியே விளையாடினால் அது பின்தங்கல் ஆகாது.

அதிகம் குழம்புவது, நடந்ததைப் பிள்ளை மனதில் வாங்கிப் பதில் செய்வது எப்படி என்று கிரிக், டொட்ஜ் (1994) தந்த ஆறு படிகளில்: குறிப்பைக் கவனித்தல், பொருள் கொள்ளல், நோக்கம், பதில்களைத் தேடல், ஒன்றைத் தெரிதல், செய்தல். சிரட்டையில் மணல் புட்டு அவிக்கிறாள் ஒருத்தி. ஓடிவந்தவனின் கால் பட்டுப் புட்டு சிதறுகிறது, அவள் அடிக்கிறாள். உடனே ‘மன்னிப்புக் கேளுங்க’ என்றால் கடைசிப் படியை மட்டும் தொடுகிறோம். அழுகை அடங்கியபின் இரண்டு கேள்வி போதும்.

“அவன் ஏன் தட்டினவன், மகள்?” ‘வேணுமெண்டுதான்’ என்றால் கோளாறு இரண்டாம் படியில்.

“வேற என்ன செய்திருக்கலாம்?” ‘தெரியாமத்தான் தட்டினவன்’ என்று முன்பு சொன்னவளுக்கு இங்கே அடிப்பதைத் தவிர ஒன்றும் தோன்றாவிட்டால், நான்காம் படி. இரண்டுக்கும் சரியாகச் சொல்லியும் அடிக்கிறாள் என்றால் கோபத்தைப் பாருங்கள். 2000இல் லெமெரிஸ், ஆர்செனியோ உணர்ச்சியை ஒவ்வொரு படியிலும் சேர்த்தது இதற்காகத்தான். படிகளை நேர்கோடாக வரைவதும் பிழை. மூல வரைபடம் வட்டம். நடுவில் பிள்ளையின் பழைய அனுபவம்.

கடைசிப் பிழை, ‘உன் கூட்டாளி யார்?’ என்று வாயால் மட்டும் கேட்பது. அன்று பாடசாலைக்கு வராத பிள்ளையின் பெயர் நினைவில் வராது. எல்லாருடைய படத்தையும் கொடுத்து, சிரித்த முகம், சாதாரண முகம், சோக முகம் ஒட்டிய மூன்று பெட்டிகளில் போடச் சொல்லுங்கள். ஒதுக்கப்படும் பிள்ளையையும் கவனிக்கப்படாத பிள்ளையையும் இது மட்டும் பிரித்துக் காட்டாது. அதற்கு யாரோடு விளையாட விருப்பம், யாரோடு விருப்பமில்லை என்ற இரண்டும் வேண்டும். தனித்தனியே கேளுங்கள், விளையாட்டு நேரத்துக்குச் சற்று முன் வேண்டாம்: சொன்னதை அப்படியே போய்ச் சொல்லிவிடுவார்கள்.