செய்த வேலையைக் கூச்சமில்லாமல் சொல்வது எப்படி? தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா கம்ப்யூட்டர் வேலைதான்" என்று கதையை முடித்துவிடுவார்கள். வாய் திறந்தால் எடுப்பு என்பார்கள், நாவூறு படும், நாளைக்கு ஒன்று பிழைத்தால் சனம் சிரிக்கும். இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் வேலை தருகிறவர் கொழும்பிலோ டொரன்டோவிலோ இருக்கிறார். அவருக்கு உங்கள் ஒழுங்கையும் தெரியாது, அப்பாவின் பெயரும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

படி 1: ஒரு கொப்பி

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று வரி எழுதுங்கள். என்ன சிக்கல் இருந்தது, நான் என்ன செய்தேன், என்ன மாறியது. இதை யாருக்கும் காட்டத் தேவையில்லை.

படி 2: புகழ்ச்சொல்லை எடுத்துவிட்டு விவரத்தை வையுங்கள்

கூச்சம் தீருவது இந்த இடத்தில்தான், அதனால் அவசரப்படாதீர்கள். "நான் திறமையான, கடின உழைப்பாளியான கணக்குப் பதிவாளர்" என்று எழுதினால் கை கூசத்தான் செய்யும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடை. ‘முக்கால் பைப்’, ‘3/4 குழாய்’, ‘பிவிசி முக்கால்’ என்று ஒரே சாமான் மூன்று பெயரில் கணக்கில் இருந்தது. எது எவ்வளவு மிச்சம் என்று முதலாளிக்கே தெரியவில்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இலக்கம் கொடுத்து எக்ஸெல்லில் ஒரே பட்டியலாக்கினேன். இரண்டு நாள் எடுத்த இருப்புக் கணக்கு இப்போது ஒரு பின்னேரத்தில் முடிகிறது."

இதில் உங்களைப் பற்றி ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. ஆனாலும் வாசிக்கிற கடைக்காரருக்கு உங்கள் திறமை விளங்கிவிடும், தன் கடைக் கணக்கும் ஞாபகம் வரும்.

படி 3: லிங்க்ட்இன் தலைப்பு வரி

லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளம். அதில் உங்கள் பெயருக்குக் கீழே 220 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் போட்டு அதை வீணாக்காதீர்கள். "சிறு கடைகளுக்கு இருப்புக் கணக்கு ஒழுங்குபடுத்துகிறேன், யாழ்ப்பாணம்" என்பது போதும்.

படி 4: முதல் பதிவு

கொப்பியிலிருந்து ஒன்றை எடுங்கள். பதிவின் முதல் சில வரிகள்தான் உடனே தெரியும், மிச்சத்தை அழுத்தித்தான் பார்க்க வேண்டும். அதனால் "பெருமையுடன் அறியத்தருகிறேன்" என்று தொடங்காமல் சிக்கலிலிருந்தே தொடங்குங்கள். வாடிக்கையாளரிடம் முதலே அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால் கடையின் பெயரையும் ஊரையும் விட்டுவிடுங்கள். கூட வேலை செய்தவரின் பெயரைக் கட்டாயம் போடுங்கள்.

மாதம் இரண்டு பதிவு தாராளம்.

படி 5: ஆட்களின் பேச்சு

யாராவது பாராட்டினால் "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தட்டிவிடாதீர்கள், அது சொன்னவரையும் சங்கடப்படுத்தும். "நன்றி, அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கஷ்டப்பட்டோம்" என்றால் பேச்சு வளரும். மாமா "என்ன தம்பி, இப்ப பெரிய ஆளோ?" என்று கேட்டால், "இல்லை மாமா, வேலை தாறவை இதைப் பார்த்துத்தான் கூப்பிடுகினம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே நாலு பேருக்குச் சொல்வார்.

படி 6: நேரில்

யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்ப ஆர்வலர்களின் அமைப்பான யாழ் ஐடி ஹப் நடத்தும் நிகழ்வுகளுக்கோ, முற்றவெளியில் நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கோ போகும்முன் இரண்டு வசனம் தயார்செய்யுங்கள்: யாருக்கு வேலை செய்கிறீர்கள், கடைசியாக எதைச் சரிசெய்தீர்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

படி 7: விலை

"எங்கள் கடைக்கும் செய்து தருவீர்களா?" என்று யாராவது எழுதினால் அன்றைக்கே பதில் போடுங்கள். எத்தனை நாள், எவ்வளவு காசு என்று இரண்டையும் எழுதுங்கள். கூச்சம் திரும்ப எட்டிப்பார்ப்பது இங்கேதான். தொகையை எழுதியபின், அவர் கேட்காமலே "குறைக்கலாம்" என்று நீங்களாகச் சேர்க்காமல் அனுப்புங்கள்.