உறக்கத்தில் ஆக்சிஜன் அளவை ஸ்மார்ட் வாட்சில் கண்காணிக்கும் முறை

விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபக்கத்து உணரியை அடைகிறது. ஸ்மார்ட் வாட்சிலோ, தோலுக்குள் சென்று சிதறித் திரும்பும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை அதே பக்கத்தில் உள்ள உணரி அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியையும், ஆக்சிஜன் இழந்தது சிவப்பு ஒளியையும் கூடுதலாக உறிஞ்சுவதால், அவ்விரண்டையும் ஒப்பிட்டு, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணிக்கப்படுகிறது. மணிக்கட்டிலிருந்து திரும்பும் ஒளி மிகவும் பலவீனமானது என்பதால், வாட்சை அணியும் விதமே அளவீட்டின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பல வாட்சுகளில் இரவு முழுவதும் அளக்கும் வசதியை நாமே இயக்க வேண்டியிருக்கும். சாம்சங் கேலக்ஸி வாட்சில் சாம்சங் ஹெல்த் செயலியின் அமைப்புகளிலும், கார்மினில் பல்ஸ் ஆக்ஸ் பகுதியிலும் உறக்க நேர அளவீட்டுக்கான தெரிவு இருக்கிறது. இது பேட்டரியை விரைவாகக் குறைக்கும். ஆகவே படுக்கும் முன் சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

மணிக்கட்டு எலும்பின் மேல் படாமல், அதிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி அணியுங்கள். கையை அசைத்தால் வாட்ச் நகரக் கூடாது. அதே சமயம் தோலில் ஆழமான தடம் பதியும் அளவுக்கு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து அளவீடு தவறும். பச்சை குத்திய இடத்தையும் தவிர்க்க வேண்டும். குளிரூட்டிய அறையில் கை சில்லிட்டுப் போனாலோ, கையைத் தலைக்கோ உடலுக்கோ அடியில் வைத்து உறங்கினாலோ, இல்லாத சரிவு வரைபடத்தில் தோன்றலாம். காலையில் 84 என்ற ஓர் எண்ணைப் பார்த்து அஞ்சும் முன் இவற்றை எண்ணிப்பாருங்கள்.

சமவெளியில் வாழும் நலமான ஒருவருக்கு விழித்திருக்கும்போது பொதுவாக 95 முதல் 100 சதவீதம் வரை இருக்கும். உறக்கத்தில் அது சற்றுக் குறைவது இயல்பே. ஊட்டி போன்ற மலை ஊரில் தங்கும் இரவுகளில் இன்னும் குறையும் என்பதால், அவற்றை வீட்டு இரவுகளோடு ஒப்பிட வேண்டாம். 90 சதவீதத்தை மருத்துவர்கள் முக்கியமான எல்லையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு: அதற்குக் கீழே, ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சிறிதளவு குறைந்தாலும் சதவீதம் வேகமாகச் சரியும். எனவே தனியொரு சரிவைவிட, பல இரவுகளில் ரம்பப் பற்களைப் போல மீண்டும் மீண்டும் இறங்கி ஏறும் கோட்டுக்கே நான் அதிக மதிப்பளிப்பேன். உறக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா பெரும்பாலும் இவ்வாறுதான் வெளிப்படுகிறது.

இதன் மறுபக்கத்தை மறந்துவிடக் கூடாது. மூச்சு பத்து நொடி நின்றாலே அது ஆப்னியாவாகக் கணக்கிடப்படும். இடைவெளி விட்டு அளக்கும் வாட்ச் அத்தகைய குறுகிய தடைகளைத் தவறவிடக்கூடும். மேலும், விரல் ஆக்சிமீட்டர்கள் கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கருநிறத் தோலுடைய நம்மில் பலருக்கும் இது பொருந்தக்கூடிய எச்சரிக்கை என்றே கருதுகிறேன். ஆகவே பலத்த குறட்டை, காலைத் தலைவலி, பகலில் கட்டுக்கடங்காத தூக்கம், மூச்சு நின்று திணறுவதை உடன் உறங்குபவர் பார்த்திருப்பது ஆகியவை இருந்தால், வாட்சின் வரைபடம் சீராக இருந்தாலும் நுரையீரல் மருத்துவரைச் சந்தித்து, உறக்கத்தின்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது சில வாரப் பதிவுகளையும், மது அருந்திய, மூக்கடைப்பு இருந்த, தூக்க மாத்திரை எடுத்த இரவுகளின் குறிப்பையும் கொண்டுசெல்லுங்கள். வீட்டில் ஆக்சிஜன் சிகிச்சை பெறுபவர்கள் வாட்சின் எண்ணை வைத்துத் தாமாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. விழித்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ, உதடு நீலம் பாய்வதோ, நெஞ்சுவலியோ ஏற்பட்டால், வாட்ச் என்ன காட்டினாலும் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.