அடுத்த நிலையத்தில் இறங்காமல் இருப்பது எப்படி

எம்ஆர்டி ரயிலில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும் என்று பேருந்திலேயே சிங்கப்பூரைச் சுற்றிவருகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பயம் மின்தூக்கி மேலோ, கூட்டத்தின் மேலோ, கல்யாண வீட்டுப் பந்தி மேலோ இருந்தாலும் முறை ஒன்றுதான். எனக்குப் பழக்கமானது ரயில், அதனால் ரயிலை வைத்தே சொல்கிறேன். வீடு குவீன்ஸ்டவுனில், பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவர் அல்ல. எனக்கு இருப்பதற்குப் பேனிக் டிஸார்டர் (திடீர் திடீரென்று பீதி தாக்கும் பதற்ற நோய்) என்று பெயர். அதற்காக ஓர் உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டதும், ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்ததும்தான் என் கைச்சரக்கு.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) இதையெல்லாம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பதற்ற நோய் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது, மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புப் பணத்தையும் பயன்படுத்தலாம். அதனால் செலவைச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் போட்டால், பயிற்சியெல்லாம் அப்புறம், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

சரி, மூளைக்கு வருவோம். அமிக்டலா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அபாயம் என்று உடம்பை உஷார்படுத்துகிற பகுதி. மூளையின் இரண்டு பக்கமும் ஆழத்தில், பாதாம் பருப்பின் வடிவத்தில் இருக்கிறது. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஒலி பற்றிய செய்தி இரண்டு வழியாக அங்கே போய்ச் சேர்வதைக் காட்டினார். ஒன்று குறுக்குவழி, வேகமானது, விவரம் குறைவு. இன்னொன்று மூளைப் புறணியைச் சுற்றி நிதானமாக வருவது. ரயில் கதவு மூடும் சத்தத்துக்கு நாம் யோசிப்பதற்கு முன்பே உடம்பு தூக்கிப்போடுவது இதனால்தான்.

ஆனால் எல்லாப் பழியையும் அமிக்டலா தலையில் போடாதீர்கள். இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன ஒரு பெண்மணி இருக்கிறார், ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடுவார்கள். பாம்பைக் கண்டும் அவர் பயப்படவில்லை. அவரையும் அதே குறையுள்ள வேறு இருவரையும் 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது மூவருக்குமே பேனிக் வந்தது. 2013ல் வெளிவந்த ஆய்வு இது. படித்த அன்று எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. என்னைப் பயமுறுத்துவது ரயில் மட்டுமல்ல, என் மூச்சும்தான். உடம்பின் உள்நிலையை உணர்வதில் இன்சுலா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. பதற்ற நோய் உள்ளவர்களிடம் அமிக்டலாவோடு அதுவும் கூடுதலாக வேலை செய்வதை மூளைப்பட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதுவரை அபாயத்தின் கதை. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு உண்மையில் உதவியது வெகுமதியின் கதைதான்.

படபடப்பு ஏறுகிறது, அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுகிறீர்கள். அந்தக் கணத்தில் ஒரு நிம்மதி வருமே, அது மூளைக்கு வெகுமதி. 1947லேயே மௌரர் என்ற உளவியலாளர், தவிர்ப்பது ஏன் பழக்கமாகிறது என்பதற்கு இந்த நிம்மதியைத்தான் காரணமாகச் சொன்னார். 2006ல் ஒரு மூளைப்பட ஆய்வில், பணம் கிடைத்தபோது வேலை செய்த நெற்றிக்குப் பின்னாலுள்ள அதே பகுதி, பணம் போகாமல் தப்பித்தபோதும் வேலை செய்தது. அந்த நிம்மதி மீட்டர் வட்டிக்கு வாங்கின கடன் மாதிரி. இன்று கையில் காசு இருக்கும், நாளை ரயிலைப் பார்த்தாலே வட்டி கேட்கும்.

இதற்கு மாற்றும் மூளையிலேயே இருக்கிறது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்த குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளியதையும், எதிர்பார்த்தபடியே கிடைத்தபோது சும்மா இருந்ததையும் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி கண்டார். அதாவது கணக்கில் வருவது எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம். 2018ல் எலிகளில் செய்த ஆய்வுகள் இதை அச்சத்தோடு இணைத்தன. ஒரு சத்தம் கேட்டால் மின்னதிர்ச்சி வரும் என்று பழகிய எலிக்கு, சத்தம் வந்தும் அதிர்ச்சி வராமல் போகும்போது டோபமைன் நரம்பணுக்கள் வேலை செய்கின்றன. அவற்றை அந்த நேரத்தில் அடக்கிவிட்டால் பயம் தணிவது தடைப்படுகிறது. எதிர்பார்த்த கேடு வராததும் மூளைக்கு ஒரு வரவு. ஆனால் வரவில்லை என்று பார்க்க நாம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பாதியில் இறங்கினால் அந்த வரவு கிடைக்காது.

இனி செய்முறை. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். கைபேசியில் எழுதலாம், ஆனால் ரயிலில் கைபேசி கையில் இருந்தால் மனம் அங்கே ஓடிவிடும். ஏறுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். 'பயமாக இருக்கும்' என்று எழுதினால் உதவாது, பயம் வரத்தான் செய்யும். 'தியோங் பாரு வருவதற்குள் மயங்கி விழுவேன், 80 விழுக்காடு நிச்சயம்' என்று எழுதுங்கள். இறங்கியதும் நடந்தது என்ன என்று அடுத்த வரியில் எழுதுங்கள். இரண்டு வரிக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பாடம் ஏறும். மயக்கம் பற்றி ஒன்று: மயங்கி விழ இரத்த அழுத்தம் இறங்க வேண்டும், பேனிக் வரும்போது அது பொதுவாக ஏறுகிறது. (இரத்தம், ஊசி பார்த்தால் பயப்படுபவர்கள் விதிவிலக்கு, அவர்களுக்கு நிஜமாகவே மயக்கம் வரும், அதற்கு வேறு பயிற்சி.)

என் பாதையைச் சொல்கிறேன், கிழக்கு-மேற்குப் பாதையில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குவீன்ஸ்டவுன் முதல் ரெட்ஹில் வரை ரயில் மேலே, வெளிச்சத்தில் ஓடும். தியோங் பாரு நிலத்தடி. ஆகவே முதல் படி குவீன்ஸ்டவுன்–ரெட்ஹில். அடுத்தது ரெட்ஹில்–தியோங் பாரு. அந்த ஓர் இடைவெளி அருமையான பள்ளிக்கூடம். புளோக்குகளும் மரங்களும் ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று ஜன்னல் கறுத்துவிடும், கண்ணாடியில் உங்கள் முகமே தெரியும், காது லேசாக அடைக்கும். கறுக்கும் அந்த விநாடியில் கண்ணை மூடாதீர்கள். அதன் பிறகு ஊட்ரம் பார்க்கில் வடக்கு-கிழக்குப் பாதைக்கு மாறி, சைனாடவுன், கிளார்க் கீ, தோபி காட் தாண்டி லிட்டில் இந்தியா. அந்தப் பாதை முழுக்க முழுக்க நிலத்தடிதான், அதனால் கடைசியில் வைத்தேன்.

துணைக்கு எடுத்துப்போகும் பொருள்களைக் கவனியுங்கள். என் கைப்பையில் கோடாலித் தைலம், தண்ணீர்ப் போத்தல், புளிப்பு மிட்டாய் எல்லாம் இருக்கும். ரயிலில் சாப்பிடவும் குடிக்கவும் தடை, ஆனாலும் போத்தல் இல்லாமல் ஏறமாட்டேன். கதவோரம் நிற்பது, வீட்டுக்காரர் எண்ணைத் திரையில் வைத்துக்கொள்வது, இவையும் அதே சாதிதான். இவை இருந்தால் 'தைலம் இருந்ததால் பிழைத்தேன்' என்று மூளை தைலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிடும். ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடையசெபீன் வகை மாத்திரைக்கும் இது பொருந்தலாம். ஆனால் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது, எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ரயில் ஏறாத நாளிலும் வீட்டில் ஒரு பயிற்சி உண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுகுழல் வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். பப்பிள் டீ குழல் அகலம், பயனில்லை. பாக்கெட் பானத்தோடு வரும் மெல்லியதே சரி. மூச்சு முட்டும், நெஞ்சு அடிக்கும், ஒன்றும் ஆகாது. அதுதான் பாடம். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கூட வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மாமியார், பாவம், நல்ல மனசு. என் முகம் மாறினாலே, "எறங்கிடலாம்மா, அடுத்த வண்டியில போய்க்கலாம்" என்பார். வீட்டுக்காரர், "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று ஜபம் பண்ணுவார். இரண்டுமே எதிர்பார்ப்பைச் சோதிக்க விடுவதில்லை. உளவியலாளர் வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வி, "இப்ப என்ன ஆகும்னு நெனைக்கிறே?" முதல் முறை கேட்டபோது, "ஏங்க, வாந்தி எடுத்துருவேன்" என்றேன். "சரி, பார்ப்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தது, வாந்தி வரவில்லை.

வெகுமதியை இடம் மாற்றுங்கள். இறங்கித் தப்பிப்பதற்குப் பதில், போய்ச் சேர்வதற்குப் பரிசு வையுங்கள். எனக்கு தேக்காவில் (லிட்டில் இந்தியாவுக்கு நாங்கள் சொல்லும் பெயர்) ஒரு முழம் மல்லிகை, ஒரு மசால் தோசை. பயமே இல்லாமல் போனால்தான் தோசை என்று நிபந்தனை போடாதீர்கள். வழியெல்லாம் நடுங்கியபடி போனாலும் தோசை உண்டு.

பயம் திரும்பி வரும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பழைய பயத்தை மூளை அழிப்பதில்லை. பக்கத்திலேயே புதுப் பாடத்தை எழுதுகிறது, நெற்றிப் பக்கத்து முன்மூளை அதை எடுத்துக்கொடுக்க வேண்டும். இடம் மாறினால், நாள் இடைவெளி விட்டால், பழையது தலைதூக்கும். இடைவெளி விட்டபின் பழைய பாடம் திரும்பி வருவதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் நாய்களிடமே பார்த்தார். ஆகவே ஒரே நேரத்தில், ஒரே பெட்டியில் பழகாதீர்கள். காலை நெரிசலிலும் போங்கள், ஞாயிறு மாலையும் போங்கள், தனியாகவும் போங்கள். ஊருக்குப் போய்வந்த பின் மீண்டும் ரெட்ஹில்லில் தொடங்க நேர்ந்தால் அது வழக்கம்தான்.

எல்லோரும் கேட்பது ஒன்று பாக்கி: ரயில் சுரங்கத்தில் நின்றுவிட்டால்? நிற்கும். 2011 டிசம்பர் 15 மாலை வடக்கு-தெற்குப் பாதையில் நின்றது. உள்ளே இருட்டு, புழுக்கம், ஒருவர் தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தார். ஆகவே 'நிற்கவே நிற்காது' என்று நோட்டில் எழுதாதீர்கள், அது பொய். 'நின்றால் மூச்சு நின்று செத்துப்போவேன்' என்று உங்கள் மனம் சொல்வதை எழுதுங்கள், எத்தனை விழுக்காடு என்றும் போடுங்கள். ரயில் நின்றால் உட்காருங்கள், மூச்சை இழுத்து இழுத்து விடாதீர்கள் (கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், அதுவே புதுப் பயமாகும்), அறிவிப்பைக் கேளுங்கள். வெளியே வந்ததும் அடுத்த வரியை எழுதிவிட்டு, அதே வாரத்தில் அதே இடத்தைத் தாண்டி ஒரு முறை போய்வாருங்கள். இதெல்லாம் தனியாக முடியவில்லை, இரவில் மனம் நிலைகொள்ளவில்லை என்றால் 1771 என்ற தேசிய மனநல எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.