பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுங்கள்: சின்னப் பிள்ளையும் டேப்லெட்டும்

2 வயது முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. அந்த ஒரு மணி நேரத்தையும் தீர்த்தே ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு தடவைக்கு 10, 15 நிமிடம் தாராளம். பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நாளில் டேப்லெட்டும் இல்லை. இந்த வயதில் பிள்ளைக்குப் படிப்பு வருவது, திரையில் கண்டதைப் பற்றி அம்மாவோ தாத்தாவோ கேட்கும் கேள்வியால்தான்.

முதலில் பூட்டிவிடுங்கள். ஐபேடில் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, கைடட் அக்சஸ் என்று போய் அதை இயக்கி, கடவு எண் வையுங்கள். பிறகு விளையாட்டைத் திறந்து, ஹோம் பட்டனை (அது இல்லாத மாடலில் மேல் பட்டனை) மூன்று முறை தட்டுங்கள். விளம்பரம், கடை, அமைப்பு என்று எந்த மூலையில் பிள்ளையின் கை போகக்கூடாதோ அதை விரலால் வட்டம் போட்டால் அந்த இடம் செத்துவிடும். ஆண்ட்ராய்டில் பிள்ளை ஆப்பை விட்டு வெளியே போகாமல் பூட்டும் வேலையை 'ஆப் பின்னிங்' செய்யும், மூலையை மட்டும் அடைக்க அதில் வழியில்லை. அமைப்புகளின் தேடல் கட்டத்தில் 'பின்' என்று தேடினால் அகப்படும். வெளியேறும்போது கடவு எண் கேட்கும்படி வைக்க மறந்தால் பூட்டிய பயன் பாதிதான். இணையம் தேவைப்படாத விளையாட்டு என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள், விளம்பரத் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

விரல் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. தட்டுவது முதலில் வரும், தள்ளுவது அடுத்து. பிடித்து இழுத்துப் போய் ஓர் இடத்தில் விடுவது கடைசியில்தான் கைவரும். இழுக்கும்போது நடுவில் விரல் எழும்பிவிடும், படம் பழைய இடத்துக்கே ஓடும். உடனே பிள்ளை இன்னும் பலமாக அழுத்தும். இந்தத் திரைக்கு பலம் தெரியாது, தோல் பட்டதா என்பது மட்டுமே தெரியும். நகம் பட்டால் கண்டுகொள்ளாது. "அழுத்தாதே, விரலை எடுக்காம மெதுவா இழு" என்று சொல்லிக் கொடுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரல் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தாலும் திரை குழம்பும். அதனால் டேப்லெட்டைப் பாயில் வைத்து, சும்மா இருக்கும் கைக்கு ஒரு தலையணை கொடுங்கள். குளித்துவிட்டு ஈரக் கையோடு வந்தாலோ, முறுக்கு தின்ற எண்ணெய் விரலாலோ இதே கோளாறு வரும்.

எழுத்துக்குத் தனி ஆப் தேடி அலையவேண்டாம், வெறும் வரையும் ஆப் போதும். கோடு தடிமனாக இருக்கட்டும். அகர வரிசையை விட்டுவிட்டு ட, ப இரண்டில் தொடங்குங்கள்: 'ட' கீழே இறங்கி வலப்பக்கம் போகும், 'ப' அதற்கு மேல் ஒரு ஏற்றம் ஏறும். சுழி இல்லை. அடுத்து 'ம' சேர்ந்தால் படம், பட்டம் இரண்டும் கிடைத்துவிடும். நீங்கள் எழுத, புள்ளியைப் பிள்ளை வைக்கட்டும். புள்ளி என்பது ஒரு தட்டு, இரண்டரை வயதுக் கைக்கும் எட்டும். புள்ளி விழுந்ததும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். விரலால் வரைந்த பழக்கம் பென்சில் பிடிக்கும் பிடியைத் தராது, ஆகவே அதே எழுத்தை அன்றே தாளில் ஒருமுறை, அரிசித் தட்டில் ஒருமுறை.

கேமராவைப் போல நல்ல விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்காது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ நடக்கும்போது, 5 படம் மட்டும் என்று சொல்லிக் கைப்பேசியைக் கொடுங்கள். திரையில் இருக்கும் வட்டத்தைத் தட்டும்போது கை ஆடி, படம் மங்கும்; பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தினாலும் படம் விழும், இரண்டு கையும் பிடியில் இருக்கும். அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் சில கைப்பேசிகள் வீடியோ எடுக்கத் தொடங்கும், கவனியுங்கள். பூக்கடையை எடுக்கச் சொன்னால் வாளியை எடுத்து வரும். எடுக்கட்டும், திருத்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தைத் தள்ளுவதற்கு முன்பே கேளுங்கள்: "இதுக்கு அப்புறம் என்ன பார்த்தோம்?" பதில் வந்த பிறகு தள்ளிப் பார்க்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரி ஏறும் நாள் இதற்கு ஏற்றது. ஏறுவது, கடல், இறங்குவது என்று வரிசை தானாகவே அமைந்திருக்கும்.

ஆப் வாங்குமுன் நீங்களே 5 நிமிடம் விளையாடுங்கள். வேண்டுமென்றே தப்பாகத் தட்டுங்கள். அதற்கும் நட்சத்திரமும் கைத்தட்டலும் வந்தால் நீக்கிவிடுங்கள். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தானாகவே அடுத்ததற்குப் போனால் அது தொலைக்காட்சி, காசு கொடுக்கத் தேவையில்லை. பல ஆப்கள் இங்கேயே கழன்றுவிடும்.

நிறுத்தும்போது வரும் அழுகைக்குப் பெரும்பாலும் காரணம், பாதி ஆட்டத்தில் பிடுங்குவது. "பத்து நிமிஷம்" என்றால் மூன்று வயதுக்குப் புரியாது, "இன்னும் ரெண்டு படம்" என்றால் புரியும். இரண்டு முடிந்ததும் அணைக்கும் பட்டனைப் பிள்ளையே அழுத்தட்டும். அடுத்து செய்ய ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்கவேண்டும்: தாள், வண்ணக்கோல், இல்லையென்றால் உரிப்பதற்கு நாலு சின்ன வெங்காயம்.